கதண்டு இந்த வருசம் ஏன் இவ்ளோ ஜாஸ்தி? மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

டெல்டாக்காரன் | செப்டம்பர் 7, இரவு 9:40

வணக்கம் மக்களே. மன்னார்குடி பக்கம் கிராமம் நமக்கு. இந்த வருசம் கதண்டு, அதாங்க பெரிய விசக் குளவி, தொல்லை தாங்கல. குளத்துக் கரை பனைல ஒரு கூடு, பக்கத்து வீட்டு தென்னைல ஒண்ணு, அது பரவால்ல வழக்கமா இருக்குறது தான். ஆனா எங்க கொல்லைல நார்த்தை மரத்துல ஆள் உயரத்துக்கு கொஞ்சம் மேல ஒண்ணு கட்டிருக்கு, ஃபுட்பால் சைஸ்ல இருந்தது இப்ப தவலை சைஸ் ஆயிடுச்சு. போன வாரம் கன்னுக்குட்டிய கொட்டி அது ரெண்டு நாள் பால் குடிக்கல. நான் பத்து வயசுல இருந்து பாக்குறேன், இப்படி ஒரே தெருவுல மூணு கூடு பாத்ததில்ல.

எங்க அப்பா என்னடான்னா "கதண்டு தாழக் கட்டினா ஐப்பசில காத்து பலமா இருக்கும், அதுக்கு தெரியும்"ங்குறார். எறும்பு முட்டை தூக்கிட்டு மேட்டுக்கு போனா மழைன்னு சொல்ற மாதிரி. எனக்கு கேள்வி இது தான், மழை வெயில் மாறுறதால இதுங்க கூடுதா, இல்ல எங்க ஊர்ல மட்டும் தானா? மே மாசம் கோடை மழை இந்த தடவை நல்லா பேஞ்சுது, அது காரணமா இருக்குமோ?

கொங்கு குசும்பன் | செப்டம்பர் 7, இரவு 9:58

உங்கப்பாவ வானிலை மையத்துக்கு அனுப்பி வைங்க சார். நாலு கதண்டோட ஆபீஸ்ல உக்காந்தா போதும், ரமணன் சாருக்கு அப்புறம் நம்பிக்கையா ஒருத்தர் கிடைப்பார்.

பனைமரத்தடி | செப்டம்பர் 7, இரவு 10:25

சாயல்குடி பக்கம் நாங்க. எங்க தாத்தா பனையேறி. கதண்டுன்னு நீங்க சொல்றத நாங்க கடந்தைம்போம். கருப்பா இருக்கும், வயித்துல ஆரஞ்சு பட்டை, அது தானே? அது காவோலைக்கு (காஞ்சு தொங்குற பனை ஓலை) உள்ள கட்டும், கீழ இருந்து பாத்தா தெரியவே தெரியாது, ஏறி கைய வச்ச அப்புறம் தான் தெரியும். மாசில இருந்து ஆனி வரைக்கும் பதநீர் சீசன், அப்ப பாளைல சுரக்குறத குடிக்க குளவி தேனீ எறும்பு எல்லாம் வரும். தாத்தா சொல்வாரு, மழை தப்புன வருசம் கலயத்த சுத்தி குளவி மொய்க்கும், நல்ல மழை வருசம் அவ்வளவா வராதுன்னு. அப்போ மழை கம்மியானா தானே குளவி அதிகம்? உங்களுக்கு தலைகீழா இருக்கே.

பூச்சிக்கிறுக்கன் | செப்டம்பர் 7, இரவு 11:47

அருமையான கேள்வி ரெண்டு பேரும். நான் அக்ரி படிச்சவன், பூச்சியியல் தான் நம்ம பைத்தியம், அதனால நீளமா எழுதுவேன் மன்னிச்சுக்கோங்க.

முதல்ல ஒண்ணு. கண்ணுல படறது வேற, எண்ணிக்கை வேற. பனைமரத்தடி அண்ணன் தாத்தா பாத்தது பொய் இல்ல. வறட்சி வருசத்துல பூ இல்ல, தேன் இல்ல, குளத்துல தண்ணி இல்ல, அதனால இருக்குற குளவி எல்லாம் கலயத்துக்கும் வீட்டு குழாயடிக்கும் வந்து நிக்கும். கூடு குறைஞ்சிருக்கும், ஆனா நம்ம கண்ணுக்கு கூடுன மாதிரி தெரியும். வெயில் காலத்துல குளவி தண்ணி எடுத்துட்டு போறது குடிக்க மட்டும் இல்ல, கூட்டு மேல துளி துளியா வச்சு இறக்கைய விசிறி ஆவியாக்கி உள்ள குளுமை பண்றதுக்கு. நம்ம வெட்டிவேர் தட்டி மாதிரி. உள்ள புழு வளர சுமார் 30 டிகிரி வேணும், அதுக்கு மேல போனா வேலைக்காரி, அதாவது வேலை செய்யுற பெண் குளவிங்க எல்லாம் இரை தேடுறத விட்டுட்டு தண்ணி லாரி ஓட்ட ஆரம்பிச்சிடும்.

ரெண்டாவது தான் முக்கியம். கூட்ட ஆரம்பிக்கிறது பெரும்பாலும் ஒத்த ராணி. முதல் ஒரு மாசம் ஒன்றரை மாசம் அதுவே மரப்பட்டைய கடிச்சு மென்னு காகிதம் மாதிரி ஆக்கி கட்டணும், அதுவே முட்டை போடணும், அதுவே புழு பூச்சி பிடிச்சு மென்னு குழந்தைக்கு ஊட்டணும். வெளிய போன ராணிய ஒரு கரிச்சான் தூக்கிட்டு போனா கதை முடிஞ்சுது. முதல் பேட்ச் வேலைக்காரி வெளிய வந்துட்டா அப்புறம் ராணி வெளிய தலை காட்டாது, அதுக்கு மேல மழையோ வெயிலோ அந்த கூட்ட சுலபமா அழிக்க முடியாது. ஆக வருசம் முழுக்க என்ன பேஞ்சுதுங்கறது அவ்வளவு முக்கியம் இல்ல, அந்த ஒரு மாசம் என்ன பேஞ்சுதுங்கறது தான்.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு பெரிய கூட்டுல இருந்து ஒரு நூறு இளம் ராணி வெளிய போகுதுன்னு பேச்சுக்கு வச்சுக்குவோம். அதுல ஒண்ணே ஒண்ணு தப்பிச்சு கூடு கட்டி ஜெயிச்சா அடுத்த வருசமும் அதே எண்ணிக்கை. ரெண்டு தப்பிச்சா? டபுள். 99 சாகுறதுக்கு பதிலா 98 சாகுது, அவ்வளவு தான் வித்தியாசம், ஆனா ஊர்ல கூடு ரெண்டு மடங்கு. அதனால தான் குளவி வருசத்துக்கு வருசம் தாறுமாறா ஏறி இறங்குது.

உங்க கோடை மழை விசயம் பொருந்தும்னு தான் என் கணிப்பு. மே மாசம் மழை பேஞ்சா புல் பூண்டு தளைக்கும், புழு வரும், ஜூன்ல மேட்டூர் தண்ணி வந்து குறுவை நட்டா இலைச்சுருட்டுப் புழு வரும். ராணிக்கு ரேஷன் கடை கூட்டுக்கு பக்கத்துலயே இருக்கு.

டெல்டாக்காரன் | செப்டம்பர் 8, காலை 6:15

யப்பா. நூத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆனா டபுள், இது புரியுது. அப்போ 2016ல வடகிழக்கு பருவமழை மொத்தமா பொய்ச்சு சம்பா கருகுச்சே, அதுக்கு அடுத்த வருசம் கதண்டு கூடு ஒண்ணு கூட நான் பாத்த ஞாபகம் இல்ல. யோசிச்சே பாக்கல இப்படி.

சும்மா கேக்குறேன் | செப்டம்பர் 8, காலை 8:02

ஞாபகம் எல்லாம் ஆதாரமா? எல்லாத்துக்கும் இப்ப கிளைமேட் சேஞ்ச்னு ஒரு வார்த்தை கிடைச்சிருச்சு. எங்க ஊர்ல ஏரிக்கரைல இருந்த பனை பூரா வெட்டி செங்கல் சூளைக்கு போயிருச்சு, கதண்டு எங்க போகும், வீட்டு சன்ஷேடுக்கு தான் வரும். இதுல வானிலை எங்க வந்துச்சு? மரத்த வெட்டுனவன கேளுங்க.

பனைமரத்தடி | செப்டம்பர் 8, காலை 8:30

அதுவும் உண்மை தான். எங்க ஊர்லயும் பனை போச்சு. பனையேற ஆள் இல்லாததால காவோலைய கழிக்கவும் ஆள் இல்ல, மிச்சம் இருக்குற பனைல காவோலை பாவாடை கட்டுன மாதிரி தொங்குது, கடந்தைக்கு அது பங்களா.

லெஸ்டர்வாசி | செப்டம்பர் 8, பின்னேரம் 4:44

நான் இஞ்ச இங்கிலாந்தில லெஸ்டரில இருக்கிறன். சொந்த ஊர் பருத்தித்துறை. இஞ்ச குளவி எண்டால் ஆவணி புரட்டாதி மாசம் தான், வெளியில இருந்து ஒரு ஜாம் பணிஸ் சாப்பிட ஏலாது. கூட்டில குஞ்சு எல்லாம் வளந்து முடிஞ்சிடும், குஞ்சு இருக்கேக்க அதுகள் இனிப்பு எச்சில் குடுக்கும், அதைக் குடிச்சுக் கொண்டு தான் பெரிசுகள் வேலை செய்யும், குஞ்சு இல்லாமப் போனால் இனிப்புக்கு எங்கட மேசைக்கு வருங்கள்.

நான் சொல்ல வந்தது வேற. இஞ்ச எல்லாரும் நினைக்கிறது, குளிர் கடுமையா இருந்தா குளவி செத்துப் போகும், குளிர் குறைஞ்சா அடுத்த வருசம் குளவி கூடும் எண்டு. உண்மை அப்பிடி நேர் கோடா இல்லை. ராணி மாரிகாலம் முழுக்க கூரைக்குள்ள, மரப்பட்டைக்குள்ள உடம்புக் கொழுப்பில நித்திரை கொள்ளும். ஒரே சீரா குளிர் இருந்தா அது பிரச்சினை இல்லை. மாசி மாசம் திடீரெண்டு ரெண்டு நாள் வெயில் எறிச்சா தான் ஆபத்து, நித்திரையால எழும்பி வெளிய வரும், பூவும் இல்லை பூச்சியும் இல்லை, சேத்து வச்ச கொழுப்பு எரிஞ்சு போய் செத்துப் போகும். அதுக்குப் பிறகு சித்திரை வைகாசியில குளிரும் மழையுமா இருந்தா கட்டத் தொடங்கின கூட்டை விட்டுட்டு செத்துப் போகும்.

இஞ்ச ரோதம்ஸ்டெட் எண்டு ஒரு பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1964இல இருந்து 12.2 மீற்றர் உயரக் குழாய் நிறுத்தி காத்தோட பூச்சியளை உறிஞ்சி எண்ணிக் கொண்டிருக்கினம். கிட்டத்தட்ட நாப்பது வருசக் குளவிக் கணக்கையும் நியூசிலாந்துக் கணக்கையும் சேத்து வச்சுப் பாத்து 2017இல ஒரு ஆய்வு வந்தது. வசந்தகால வானிலை முக்கியம், ஆனா அதோட போன வருசம் எவ்வளவு குளவி இருந்தது எண்டதும் முக்கியம். கூடக் குளவி இருந்த வருசத்துக்கு அடுத்தது குறையும், ராணியள் தங்களுக்குள்ள கூட்டுக்கு அடிபட்டு சாகுங்கள்.

சும்மா கேக்குறேன் | செப்டம்பர் 8, மாலை 6:10

இது ஒத்துக்கலாம். எண்ணியிருக்காங்க. ஞாபகம் இல்ல.

கொங்கு குசும்பன் | செப்டம்பர் 8, மாலை 6:21

காத்துல குழாய் வச்சு குளவிய உறிஞ்சுறதுக்கு அரசாங்க சம்பளமா. நான் தப்பான நாட்டுல பொறந்துட்டேன்.

பூச்சிக்கிறுக்கன் | செப்டம்பர் 8, இரவு 10:33

லெஸ்டர்வாசி சூப்பரா சொல்லிட்டீங்க. நியூசிலாந்து கதைய விட மனசில்ல. அங்க முன்ன இந்த குளவியே கிடையாது. 1945ல ஜெர்மன் குளவி விமான சாமான் பெட்டிக்குள்ள ராணியா தூங்கிட்டே போய் இறங்குச்சு. 1970கள்ல சாதாரண ஐரோப்பிய குளவியும் போயிடுச்சு. தென் தீவுல பீச்னு ஒரு மரக்காடு, அந்த மரத்துல செதில் பூச்சி தேன் மாதிரி சொட்டு சொட்டா விடும், குளவிக்கு அது விருந்து. ஒரு ஹெக்டேருக்கு சராசரியா 12 கூடுங்குறாங்க, அதாவது இரண்டரை ஏக்கர்ல 12 கூடு. நம்ம தெருவுல மூணு கூட்டுக்கே டெல்டாக்காரன் இழை போட்டிருக்கார்.

இன்னொண்ணு, குளிரே வராம போனா என்ன ஆகும்னும் பாத்திருக்காங்க. அமெரிக்கால அலபாமா மாநிலத்துல மஞ்சள் குளவி வழக்கமா குளிர்ல கூடு மொத்தமா செத்துப் போகும், ராணி மட்டும் தப்பிக்கும். 2006ல முந்தின குளிர்காலம் மிதமா இருந்துச்சு, கூடு சாகல, ஒரு ராணிக்கு பதிலா பல ராணி சேந்து குடித்தனம், கூடு கார் சைஸ்க்கு போயிடுச்சு. சும்மா சொல்லல, ஒரு பழைய 1955 செவர்லே காருக்கு உள்ளயே சீட் பூரா கூடு. அதே வருசம் அலாஸ்கால ஃபேர்பேங்க்ஸ்ல குளவி பெருகி கொட்டு பட்டு ரெண்டு பேர் செத்தாங்க, அலாஸ்கான்னா பனிக்கரடி ஊர்.

மாடித்தோட்டம் மாலதி | செப்டம்பர் 9, காலை 7:20

எல்லாரும் கொட்டுற குளவிய பத்தி பேசுறீங்க, எங்க வீட்டு மண் குளவிய யாரும் கண்டுக்கல. அதாங்க, வேட்டுவன், புழுவ பிடிச்சு மண் கூட்டுல வச்சு மூடும், கொட்டக் கொட்ட புழுவும் குளவியாகும்னு பாட்டி சொல்லுமே அது. நங்கநல்லூர்ல எங்க பால்கனி கதவு சந்துல வருசா வருசம் கட்டும். 2024 ஏப்ரல் மே வெயில்ல அது கட்டவே இல்ல, ஈர மண்ணே எங்கயும் இல்ல பாவம். நான் செடிக்கு தண்ணி ஊத்துற தொட்டி கிட்ட வந்து சுத்திட்டு போகும். இப்ப மழைக்கு அப்புறம் சுவிட்ச் போர்டு ஓட்டைல கட்டிருக்கு, எலக்ட்ரீசியன் வந்து திட்டிட்டு போனார்.

தேன்பெட்டி | செப்டம்பர் 9, மதியம் 1:05

மார்த்தாண்டம் பக்கம் நமக்கு 60 தேன் பெட்டி உண்டு. எங்க ஊருல கடந்தல்னு சொல்லுவோம். உங்க ஆராய்ச்சிய விட்டு என் பெட்டி வாசல வந்து பாருங்க மக்கா, மழைக்கும் கடந்தலுக்கும் உள்ள சம்பந்தம் அங்க தெரியும்.

எங்களுக்கு தேன் வரவு தை மாசி பங்குனி. ரப்பர் புது இலை விடும்போ இலைக்காம்புல தேன் சுரக்கும், பூவுல இல்ல, அத தேனீ எடுக்கும். இடவப்பாதி மழை (தென்மேற்கு பருவமழை) துவங்கிட்டா வரவு நின்னு போகும், நாங்க சீனிப்பாகு வச்சு கூட்டத்த காப்பாத்தணும். முன்ன மழை நாலு நாள் பெய்யும் ரெண்டு நாள் வெறிக்கும். இப்ப என்னன்னா பத்து பன்னெண்டு நாள் விடாம ஒரு அடி, பிறகு சட்டுனு வெயில். அந்த பத்து நாளும் கடந்தலுக்கும் பட்டினி. வெறிச்ச அன்னைக்கு காலைல பாக்கணும், ஒவ்வொரு பெட்டி வாசல்லயும் ரெண்டு மூணு கடந்தல் காவல் நிக்கும், வெளிய வர்ற தேனீய ஒவ்வொண்ணா கவ்விட்டு போகும். மழைல நம்ம தேனீ ஏற்கனவே மெலிஞ்சு கிடக்கு. போன வருசம் அப்படி ஏழு கூட்டம் பெட்டிய விட்டு ஓடிப்போச்சு எனக்கு. கடந்தல் கூடுச்சான்னு கேட்டா எனக்கு தெரியாது, மழைக்க போக்கு மாறுனதுல அது அடிக்குற அடி கூடிப்போச்சு.

ஆனா நம்ம நாட்டு தேனீ சும்மா விடாது கேட்டியளா. தைரியமா ஒரு கடந்தல் உள்ள நுழைஞ்சா ஒரு உருண்டையா சுத்தி அமுக்கி உடம்ப நடுக்கி சூடாக்கியே கொன்னுரும்.

பூச்சிக்கிறுக்கன் | செப்டம்பர் 9, மதியம் 1:40

ஆமா! உருண்டைக்கு நடுவுல சுமார் 46 டிகிரி வரைக்கும் போகும். கடந்தல் அதுல செத்துரும், தேனீ அதவிட ரெண்டு மூணு டிகிரி கூட தாங்கும். அந்த சின்ன வித்தியாசத்த வச்சு தான் உயிர் பிழைக்குது. மேற்கத்திய தேனீக்கு இது சரியா வராது, அதான் ஐரோப்பால ஆசிய கதண்டு போனதும் தேனீ வளர்க்குறவங்க அலறுறாங்க. 2004ல பிரான்ஸ்ல கண்டுபிடிச்சாங்க, சீனால இருந்து வந்த பானை சட்டி சரக்குல ஒளிஞ்சு வந்ததா சொல்றாங்க. மரபணு பாத்தா அத்தனையும் பல ஆண்களோட சேந்த ஒரே ஒரு ராணியோட வாரிசு. நூத்துல ஒண்ணுன்னு சொன்னேனே, அந்த ஒண்ணு.

லெஸ்டர்வாசி | செப்டம்பர் 9, பின்னேரம் 5:15

ஓம், இஞ்ச 2016இல முதல் வந்தது. 2023இல 72 கூடு பிடிச்சவை, எல்லாரும் வெப்பம் கூடினதால தான், இனி நாசம் எண்டு எழுதினவை. அடுத்த வருசம் 24 தான். அந்த வசந்தகாலம் ஒரே மழை, ராணியளுக்கு கட்டேலாமப் போயிருக்கும். ஆனா அதே நேரம் ஆக்களும் தேடித் தேடி ராணியளைப் பொறி வச்சுப் பிடிச்சவை. இதில மழைக்கு எவ்வளவு மாக்ஸ், பொறிக்கு எவ்வளவு மாக்ஸ் எண்டு பிரிச்சுக் குடுக்கேலாது.

கொழுந்துமலை | செப்டம்பர் 9, இரவு 8:50

இலங்கைல மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்து எழுதுறேன். இங்க குளவினா சாவு வீடுங்க. கொழுந்து பறிக்க போற பொம்பளைங்கள குளவி கொட்டி ஆஸ்பத்திரில சேத்தாங்கனு பேப்பர்ல வராத மாசம் இல்ல. என் பெரியம்மா ரெண்டு தடவ கொட்டு வாங்குனவங்க, இப்பவும் அந்த மலைக்கு போக மாட்டாங்க.

ஒரு விசயம் திருத்தணும். நாங்க குளவினு சொல்றது ரெண்டு. ஒண்ணு சிங்களத்துல தெபராம்பாங்க, அது உங்க கதண்டு, காகிதப் பை மாதிரி கூடு. இன்னொண்ணு பம்பரா, அது மலைத்தேனீ, பெரிய மரத்துலயும் கற்பாறைலயும் அடை தொங்கும். தோட்டத்துல கூட்டமா வந்து கொட்டுறது அதிகமா பம்பரா தான், பேப்பர்ல எல்லாத்தையும் குளவினு போட்டுருவாங்க. தெபரா ஒரே இடத்துல இருக்கும். பம்பரா அப்படி இல்ல, பூ எங்கயோ அங்க போகும், கீழ்நாட்டுல காய்ஞ்சா மேல வரும், மழை கொட்டுனா எடம் மாறும். அதனால மழை முன்ன பின்ன ஆனா அது வர்ற மாசமும் முன்ன பின்ன ஆகுது, ஆளுங்க எதிர்பாக்காத நேரத்துல அடை தொங்குது. பெரிய காத்து அடிச்சா, இல்ல பருந்து வந்து அடைய கொத்துனா கலைஞ்சு கீழ இருக்குற ஆளுங்க மேல எறங்கும். கொழுந்து கூடையோட சரிவுல எங்க ஓடுறது.

டெல்டாக்காரன் | செப்டம்பர் 9, இரவு 9:30

படிச்சு மனசு கனத்துப் போச்சு அண்ணே. பெரியம்மாவ கேட்டதா சொல்லுங்க.

தீவண்டி | செப்டம்பர் 10, அதிகாலை 2:12

நைட் டியூட்டி. தீயணைப்புத் துறைல இருக்கேன், டெல்டா மாவட்டம் தான், ஸ்டேஷன் பேர் வேணாம். பேர் தான் தீயணைப்பு, ஆவணில இருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்கு வர்ற போன்ல பாம்புக்கு அடுத்து கதண்டு தான். சித்திரை வைகாசில அநேகமா வராது. காரணம் அப்ப இல்லைங்கறது இல்ல, அப்ப கூடு எலுமிச்சம்பழ சைஸ், யார் கண்ணுக்கும் தெரியாது. ஐப்பசில தவலை ஆகும், மழைக் காத்துல மட்டை ஆடி கூட்டுல இடிக்கும், ரோட்டுல போறவன கொட்டும், அப்ப தான் போன் பண்ணுவாங்க.

என் அனுபவத்துல பாத்தது, கஜா புயல் 2018 நவம்பர்ல அடிச்சுதே, வேதாரண்யம் பக்கம் தென்னை பூரா படுத்துருச்சு. அடுத்த வருசம் அந்த பக்கம் கதண்டு போன் ரொம்ப கம்மி. அதுக்கு அடுத்த வருசங்கள்ல வந்த போன் மரத்துல இல்ல, வீட்டு ஓடு, மோட்டார் கொட்டகை, ஸ்கூல் கக்கூஸ். உயரமான மரம் இல்ல, கிடைச்ச எடத்துல கட்டிருச்சு. தாழக் கட்டுனதுக்கு காரணம் காத்து வரப் போறது இல்ல, காத்து வந்து போனது.

டெல்டாக்காரன் தம்பி, அந்த நார்த்தை மர கூட்ட நீங்களா தீப்பந்தம் வச்சு கொளுத்துற வேலை வேணாம், ஒரு குடும்பமே வைக்கப்போரோட போச்சு ஒரு ஊர்ல. கல் எறியவும் விடாதீங்க பசங்கள. 101 இல்ல 112க்கு அடிங்க. நாங்க இருட்டுன அப்புறம் தான் வருவோம், பகல்ல வந்தா பாதி வெளிய மேய்ஞ்சுட்டு இருக்கும், கூட்ட எடுத்தாலும் திரும்பி வந்து சுத்தும்.

மாடித்தோட்டம் மாலதி | செப்டம்பர் 10, காலை 7:45

கொட்டுனா சுண்ணாம்பு தடவலாம் தானே?

தீவண்டி | செப்டம்பர் 10, காலை 7:58

ஒரு கொட்டுக்கு எத தடவுனாலும் அது பாட்டுக்கு ஆறும், அதனால தான் எல்லா வைத்தியமும் பலிச்ச மாதிரி தெரியுது. பத்து இருபது கொட்டு வாங்குனா, இல்ல ஒரே கொட்டுக்கு மூஞ்சி வீங்கி மூச்சு இழுத்தா, தலை சுத்துனா, நேரா ஆஸ்பத்திரி. அட்ரினலின் ஊசி தான் உயிர காப்பாத்தும். நிறைய கொட்டுனவங்களுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு கிட்னி அடி வாங்கும், ஒண்ணுக்கு கருப்பா போகுதான்னு பாக்கணும். தேனீ கொடுக்க விட்டுட்டு செத்துரும், கதண்டு அப்படி இல்ல, ஒரே ஆள திரும்ப திரும்ப கொட்டும்.

சும்மா கேக்குறேன் | செப்டம்பர் 10, காலை 9:15

சரி, எனக்கு ஒரு நேர் பதில் வேணும். பூமி சூடானா கதண்டு கூடுமா குறையுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க.

பூச்சிக்கிறுக்கன் | செப்டம்பர் 10, இரவு 11:20

நேர் பதில்: எந்த ஊர்ல, எந்த மாசத்துல சூடாகுதுன்னு கேக்கணும். குளிர் நாட்டுல சூடு கூடுனா பொதுவா இதுங்களுக்கு கொண்டாட்டம், சீசன் நீளும், புது எல்லைக்கு போகும். 2013ல சீனால ஷான்ஷி மாகாணத்துல பெரிய கதண்டு, நம்மூர்த விட பெருசு, 42 பேர கொன்னுச்சு, 1,600 பேருக்கு மேல காயம். வெயிலும் வறட்சியும் கூடுனதால பெருகுச்சுன்னு அங்க அதிகாரிங்க சொன்னாங்க. ஜனங்க காட்டோரமா குடியேறுனதும் சேந்து தான்.

நம்மூர் ஏற்கனவே சூடு. இங்க குளிர் எதையும் தடுக்கல, தடுக்குறது தண்ணியும் இரையும் தான். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.ல (இந்திய அறிவியல் கழகம்) ராகவேந்திர கடக்கர் பல வருசமா காகிதக் குளவிய பாத்திருக்கார், அந்த ஜாதி வருசம் பூரா எந்த மாசத்துலயும் கூடு ஆரம்பிக்கும், லெஸ்டர் மாதிரி எல்லாரும் சேந்து தூங்கி எல்லாரும் சேந்து எழுந்திருக்குற கதை இல்ல. அந்த காகிதக் குளவியோட குஞ்சுகள சூறையாடுறதே நம்ம பட்டைக் கதண்டுல ஒரு ஜாதி. அப்போ மழைல காகிதக் குளவி பெருகுனா கொஞ்ச நாள் கழிச்சு அதுவும் பெருகும். ஒரு சங்கிலி.

சூட்டுல அழியுற குளவியும் இருக்கு. அத்திப்பழத்த பிட்டா உள்ள குட்டியா கருப்பா இருக்குமே, அத்தனையும் சொத்தைம்போம், அது சொத்தை இல்ல, அத்திக் குளவி. அது இல்லாம அத்தி விதைக்காது. அதோட மொத்த ஆயுசே ஒரு நாள் ரெண்டு நாள், அதுக்குள்ள அடுத்த மரத்த தேடணும். சிங்கப்பூர்ல சூடேத்தி பாத்தாங்க, இப்ப இருக்குறத விட மூணு டிகிரி கூடுனா ஆயுசு ரொம்பவே சுருங்கிருது. அந்த நேரத்துல அடுத்த மரம் எங்க போய் தேடும்.

தேன்பெட்டி | செப்டம்பர் 11, காலை 6:40

நேர் பதில் கேட்டவருக்கு: கூடுமா குறையுமான்னு கேக்காதீங்க, எப்ப வரும்னு கேளுங்க. எனக்கு பெட்டி வாசல்ல தகரம் அடிச்சு ஓட்டைய சின்னதாக்க ஒரு வாரம் முன்ன தெரிஞ்சா போதும்.

டெல்டாக்காரன் | செப்டம்பர் 14, இரவு 11:05

அப்டேட். தீவண்டி அண்ணன் சொன்ன மாதிரி போன் பண்ணேன், ராத்திரி எட்டரைக்கு வந்தாங்க, நார்த்தை மர கூட்ட எடுத்துட்டாங்க. தரைல கிடந்தத அப்புறம் பிரிச்சு பாத்தேன், உள்ள அஞ்சு அடுக்கு, ஒவ்வொண்ணும் இட்லித் தட்டு மாதிரி, வெளிய கோடு கோடா பழுப்பு காகிதம், எங்க வீட்டு வைக்கோல் நிறம் பழைய கதவு நிறம் எல்லாம் அதுல தெரியுது. அழகா தான் இருக்கு சனியன். குளத்துக்கரை பனைல இருக்குறத அப்பா எடுக்க வேணாம்னுட்டார், வயல்ல புழு கம்மியா இருக்காம் அந்த பக்கம். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், இருந்துட்டு போகட்டும்.

இன்னைல இருந்து ஒரு நோட்டு போட்டிருக்கேன். கூடு எங்க, எத்தனை அடி உயரம், என்னைக்கு பாத்தேன், அந்த மாசம் என்ன மழை. சும்மா கேக்குறேன் அண்ணன் நாளைக்கு ஞாபகமானு கேக்கக் கூடாதுல்ல.

சும்மா கேக்குறேன் | செப்டம்பர் 15, காலை 7:30

உயரத்த டேப் வச்சு அளந்தீங்களா கண்ணால பாத்தீங்களா?

கொங்கு குசும்பன் | செப்டம்பர் 15, காலை 7:34

யோவ், கதண்டு கூட்டுக்கு டேப் புடிக்க நீ வாய்யா.

டெல்டாக்காரன் | நவம்பர் 29, இரவு 8:20

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன். ஐப்பசி முழுக்க சாரல் தான், ஒரு தென்னை மட்டை கூட விழல, காத்தே இல்ல. பனைல இருந்த கூடு அண்டா சைஸ்ல ஜம்முனு இருக்கு. நோட்ட எடுத்துட்டு போய் அப்பாகிட்ட காட்டி "தாழக் கட்டினா காத்துன்னீங்களே"னு கேட்டேன். "தாழக் கட்டுனத தான் நீ வண்டி கூப்ட்டு எடுத்துட்டியேடா, மிச்சம் இருக்குறது ஒசரத்துல தானே இருக்கு"ங்குறார்.

கொங்கு குசும்பன் | நவம்பர் 29, இரவு 8:23

😂😂 சும்மா கேக்குறேன் அண்ணன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.

சும்மா கேக்குறேன் | நவம்பர் 29, இரவு 9:10

அடுத்த வருசம் ஒண்ண எடுக்காம விட்டுப் பாருங்க. வேற வழி இல்ல.